மன்றத்தின் மேஜைக்குப் போகும் தாள்: உள்ளாட்சி நிர்வாகம் படிப்பவர்களுக்கான கேள்வி-பதில்

உள்ளாட்சி நிர்வாகப் பணிக்கு முதுகலை மாணவர்களை எப்படித் தயார்படுத்துவது என்று மாணவர்களும் ஆசிரியர்களும் பணியில் இருப்பவர்களும் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: பொது நிர்வாகம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நகர நிர்வாகத்துக்குப் போக விருப்பம். கோட்பாடுகள் நிறையப் படித்தாகிவிட்டது. ஆனால் வேலையில் சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பதில்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவெடுக்கும். அந்த முடிவுக்கு வேண்டிய விவரத்தைத் திரட்டி, சரிபார்த்து, படித்தவுடன் புரிகிற மாதிரி தாளில் வைப்பது உங்கள் வேலை. முடிவு வந்தபின் அதை நிறைவேற்றிக் காட்டுவதும் உங்கள் வேலைதான். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இந்தத் தொழில் எங்கே முளைத்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரம் 1908-ல் சம்பளத்துக்கு ஒரு பொது மேலாளரை நியமித்தது. 1913-ல் பெருவெள்ளத்தில் சிக்கிய ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம், 1914 முதல் ‘மன்றம் கொள்கை வகுக்கும், மேலாளர் நிர்வகிப்பார்’ என்ற முறைக்கு மாறியது. மேலாளர்களின் தொழில்முறைச் சங்கம் தொடங்கியதும் அதே 1914-ல்தான். அப்போதைய மேலாளர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள். பாலமும் சாக்கடையும் கட்டத் தெரிந்தால் போதும் என்ற காலம் அது. பத்தாண்டு கழித்து, 1924-ல், சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளி தொடங்கியபோது, நிர்வாகத்தையே தனிப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் கைக்கு வரக்கூடியவை: பட்ஜெட் எண்களைச் சரிபார்ப்பது, மன்றக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுவது, ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, புகார்ப் பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது, கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து உறுப்பினர் கேட்டதற்கெல்லாம் மறுநாள் பதில் தயாரிப்பது. இந்த ஐந்திலும் இப்போதே கை பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வணிகவியல் பின்னணி கிடையாது. உள்ளாட்சி பட்ஜெட்டைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: ஒரே ஊரின் ஐந்தாண்டு பட்ஜெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்ஜெட்டை மட்டும் படித்தால் அதில் ஆசைதான் தெரியும். ஐந்தையும் அடுக்கிப் படித்தால் பழக்கம் தெரியும். ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: முதலில் போட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் நடந்தது. எந்த வருவாய் ஆண்டுதோறும் கூட்டிப் போடப்பட்டு வராமல் போகிறது, எந்தச் செலவு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டும் செலவாகாமல் கிடக்கிறது என்பது ஒரு மாலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும். பராமரிப்புத் தலைப்பில் பணம் மிஞ்சிக்கொண்டே இருந்தால் மகிழாதீர்கள். வேலை நடக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்து, ஒரு தடவை மட்டும் வருகிற பணத்தைத் தனியே பிரியுங்கள். ஓர் ஊரின் வருவாய் 100, செலவு 94 என்றால் பார்வைக்கு 6 உபரி. அந்த 100-ல் 18 நிலம் விற்று வந்தது என்றால், தொடர்ந்து வரக்கூடியது 82 மட்டுமே. அடுத்த ஆண்டும் அதே 94 செலவு நிற்கும். ஆக, உபரி என்று கைதட்டிய ஊர் உண்மையில் 12 பற்றாக்குறையில் ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. ‘இந்தப் பணம் அடுத்த வருடமும் வருமா?’ என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

வரி வசூல் விகிதத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கேட்பு (மக்கள் கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று ஒரு பட்டியல் எல்லா இடத்திலும் இருக்கும். நடப்பாண்டுக் கேட்பு 40, பழைய நிலுவை 20, ஆண்டில் வசூலானது 36 என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 40-ஆல் வகுத்து ‘90 விழுக்காடு வசூல்’ என்று அறிக்கை போகும். அந்த 36-ல் 6 பழைய நிலுவையில் வந்தது. நடப்பு வசூல் 30 தான், அதாவது 75 விழுக்காடு. மொத்தக் கேட்பான 60-க்கு எதிராகப் பார்த்தால் 60 விழுக்காடு. மூன்று விகிதமும் ஒரே பட்டியலிலிருந்து வந்தவைதான். எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காத மாணவர் முதல் எண்ணையே நம்பிவிடுவார்.

மூன்றாவது, பணம் வரும் மாதம். சொத்து வரியில் பெரும்பகுதி ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களில் வந்து குவியும். சம்பளமும் மின்கட்டணமும் மாதாமாதம் போகும். பன்னிரண்டு பத்தி உள்ள அட்டவணை ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு மாதமும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு எழுதிப் பாருங்கள். ஆண்டு முழுக்கப் பார்த்தால் உபரியுள்ள ஊரும் ஐந்தாம் மாதத்தில் சம்பளத்துக்குத் தவிக்கும்.

மூலதனத் திட்டம் (கட்டடம், நிலையம் போன்றவற்றைப் புதிதாகக் கட்டுவது) வரும்போது ஒரே ஒரு கேள்வியை விடாதீர்கள்: கட்டி முடித்த மறுநாளிலிருந்து இதை ஓட்ட ஆண்டுக்கு எவ்வளவு, அது எந்தத் தலைப்பிலிருந்து? மானியத்தில் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் பூட்டிக்கிடந்தால், தவறு கட்டியவரிடம் மட்டும் இல்லை. குறிப்பு எழுதியவர் அந்த வரியை விட்டதும் தவறுதான்.

கேள்வி: மன்றக் கூட்டத்துக்கான குறிப்பு எழுத எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வகுப்புகூட இல்லை. நானாகவே பழகிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். பழகியே ஆக வேண்டும். இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். கட்டுரையில் முடிவு கடைசியில் வரும், மன்றக் குறிப்பில் முதல் வரியிலேயே வர வேண்டும். உறுப்பினர் கையில் ஒரே இரவில் முப்பது பொருள்கள் இருக்கும். உங்கள் தாளுக்கு அவர் தருவது மூன்று நிமிடம்.

வரிசை இப்படி: மன்றத்திடம் கேட்கும் முடிவு என்ன, ஏன் இப்போது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும், பின்னணி நான்கைந்து வரியில், குறைந்தது மூன்று வழிகள், அவற்றில் ஒன்று ‘எதுவும் செய்யாமல் விடுவது’, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறைச் செலவும் ஆண்டுச் செலவும், எந்தக் கணக்குத் தலைப்பு, அதில் மீதி எவ்வளவு, மன்றத்துக்கு இந்த அதிகாரம் எந்தச் சட்டப் பிரிவில் இருக்கிறது, யார் பாதிக்கப்படுவார்கள், பரிந்துரை, கடைசியில் வரைவுத் தீர்மானம். எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம். வரைபடம், மதிப்பீடு போன்றவை இணைப்பாகப் போகட்டும்.

பெரும்பாலான குறிப்புகள் கெட்டுப்போவது வரைவுத் தீர்மானத்தில்தான். ‘பழுதடைந்த தெருவிளக்குகளை மாற்ற ஆவன செய்ய மன்றம் அனுமதிக்கலாம்’ என்று எழுதுவார்கள். எத்தனை விளக்கு, எந்த வார்டு, எவ்வளவு பணம், எந்த நாளுக்குள் என்று எதுவுமே அதில் இல்லை. ஆறு மாதம் கழித்து ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள், தணிக்கையும் தடை (ஆட்சேபம்) எழுதும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வார்டு 4, 7, 9-ல் உள்ள 412 சோடியம் விளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றுவதற்கான மதிப்பீட்டை ஏற்கவும், திறந்த ஒப்பந்தப்புள்ளி கோரவும், செலவை மூலதனக் கணக்கின் தெருவிளக்குத் தலைப்பில் பற்று வைக்கவும், 120 நாளில் பணியை முடித்து மின்கட்டண ஒப்பீட்டுடன் மன்றத்துக்கு அறிக்கை வைக்கவும் தீர்மானிக்கப்படுகிறது.’ இதை வாசிக்கும் எழுத்தர், பொறியாளர், கணக்கர் மூவருக்கும் தத்தம் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

இதே விளக்கு உதாரணத்தில் எண்கள் எப்படி வழுக்கும் என்பதையும் பாருங்கள். 150 வாட் சோடியம் விளக்கு, சோக்கையும் சேர்த்தால் சுமார் 170 வாட் இழுக்கும். மாற்றும் எல்.இ.டி. 70 வாட். விளக்குக்கு 100 வாட் மிச்சம், 412 விளக்குக்கு 41.2 கிலோவாட், இரவுக்கு 11 மணி நேரம், 365 நாள். ஆண்டுக்குச் சுமார் 1,65,000 யூனிட் மிச்சம் என்று குறிப்பில் எழுதிவிடலாம். ஆனால் அந்த 412-ல் 60 விளக்கு இப்போதே எரியவில்லை என்றால்? எரியாத விளக்குக்கு மின்சாரம் செலவாகவில்லை. மாற்றியபின் அந்த 60-ம் எரியும். திரும்பக் கணக்குப் போட்டால் மிச்சம் சுமார் 1,24,000 யூனிட்தான். கால் பங்கு குறைந்துவிட்டது. முதல் எண்ணை நம்பி மன்றம் ஒப்புக்கொண்டு, ஓராண்டு கழித்து மின்கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையாதபோது, பழி எல்.இ.டி. மேல் விழும். எழுதியவர் இரவில் ஒரு தடவை அந்த மூன்று வார்டையும் சுற்றி எண்ணியிருந்தால் போதும்.

பயிற்சி முறை: நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். ஏதாவது ஒரு நகரத்தின் வெளியிடப்பட்ட கூட்ட நிரலிலிருந்து ஒரு பொருளை எடுத்து, 48 மணி நேரத்தில் 600 சொல்லில் குறிப்பு எழுதுங்கள். மற்ற மூவரும் உறுப்பினர்களாக உட்கார்ந்து பத்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். பத்துப் பொருளை இப்படி முடித்தால் பதினொன்றாவது எழுதும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: நான் சமூகவியல் படித்தவள். குடிநீர், சாலை, கழிவுநீர் எல்லாம் பொறியாளர்கள் விஷயம். அவர்கள் சொல்வதைச் சரியா தவறா என்று நான் எப்படிக் கணிப்பது?

பதில்: பொறியாளராக மாற வேண்டியதில்லை. அவர் தரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ‘இது அளந்ததா, கணக்கிட்டதா, ஊகித்ததா?’ என்று கேட்கத் தெரிய வேண்டும். மரியாதையாகக் கேட்டால் நல்ல பொறியாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 10,000 கன மீட்டர் நீரைக் குழாய் வலையமைப்பில் விடுகிறோம். கட்டணம் விதிக்கப்படுவது 6,200. தீயணைப்பு, குழாய் கழுவுதல், பொதுக் குழாய் என்று அனுமதித்து, ஆனால் கட்டணமில்லாமல் போவது 300. மீதி 3,500 இழப்பு. வருவாய் தராத நீர் மொத்தம் 3,800, அதாவது 38 விழுக்காடு. இதுவரை கூட்டல் கழித்தல்தான். அந்த 3,500-ல் எவ்வளவு குழாய் வெடிப்பில் மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு திருட்டு இணைப்பிலும் மெதுவாக ஓடும் மீட்டரிலும் காணாமல் போகிறது என்பதுதான் நிர்வாகக் கேள்வி. முதலாவதற்குக் குழாய் மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு மீட்டரும் இணைப்புக் கணக்கெடுப்பும். நோய் தெரியாமல் மருந்து வாங்கினால் குழாய்க்குப் பணம் கொட்டியும் வருவாய் ஏறாது.

இரவு 2 மணி முதல் 4 மணி வரை ஒரு பகுதிக்குள் நுழையும் நீரை அளந்தால், மக்கள் தூங்கும் நேரம் என்பதால், ஓடுவதில் பெரும்பங்கு கசிவாக இருக்கும். ஆனால் 24 மணி நேரமும் நீர் வரும் ஊரில்தான் இந்த முறை பலிக்கும். விட்டு விட்டு நீர் திறக்கும் ஊரில் வீட்டுத் தொட்டிகள் நள்ளிரவிலும் நிரம்பிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைக் கசிவு என்று எழுதினால் அறிக்கை முழுவதும் தப்பு. மேலே உள்ள 10,000-ம் பம்பு ஓடிய மணியை வைத்துக் கணக்கிட்டதா, மீட்டரில் அளந்ததா என்று கேட்க மறக்காதீர்கள். தேய்ந்த பம்பு, பெயர்ப்பலகையில் போட்ட அளவு நீரைத் தள்ளாது.

கேட்காமல் விட்டதன் விலை எவ்வளவு என்பதற்கு மிச்சிகனின் பிளின்ட் நகரத்தைப் பாருங்கள். மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளரின் கீழ் இருந்த அந்த நகரம், 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நீராதாரத்தை பிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் கலந்தது. 2015 அக்டோபரில் பழைய ஆதாரத்துக்கே திரும்பினார்கள், அதற்குள் குழந்தைகள் உடம்பில் ஈயம் ஏறியிருந்தது. ‘புதிய தண்ணீர் பழைய குழாயை என்ன செய்யும்?’ என்று கேட்க வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. இந்த ஒரு நிகழ்வை முழுப் பருவமும் வைத்துப் பாடம் நடத்தலாம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாணவர்களை உள்ளாட்சிகளுக்கு உள்ளகப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்து ‘கோப்பு அடுக்கினோம்’ என்கிறார்கள். எங்கே பிசகுகிறது?

பதில்: மூன்று இடத்தில் பிசகும்.

முதலாவது, காலம். நான்கு வாரத்தில் மாணவருக்கு ஊழியர் பெயர்கள் மனப்பாடமாகும், அவ்வளவுதான். முழுநேரமாகப் பன்னிரண்டு வாரம் என்பது குறைந்தபட்சம். முதலாண்டு பாடங்களை முடித்து இரண்டாம் ஆண்டை முழுதும் களத்தில் கழிப்பது சிறந்தது. எந்த மாதம் என்பதும் முக்கியம். பட்ஜெட் தயாரிக்கும் மாதங்களில் உள்ளே இருக்கும் மாணவர் எல்லாத் துறையின் சண்டையையும் ஒரே மேஜையில் பார்த்துவிடுவார். விடுமுறைக் காலத்தில் போனால் காலி நாற்காலிகளைப் பார்ப்பார்.

இரண்டாவது, யாருக்குக் கீழ் என்பது. பயிற்சி மாணவர் தலைமை நிர்வாகியின் அலுவலகத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு துறையின் மூலையில் விட்டுவிட்டால் கோப்புதான் அடுக்குவார். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1940 முதல் 1959 வரை மேலாளராக இருந்த எல்.பி.குக்கிங்ஹாம், இளைஞர்களைத் தம் அலுவலகத்தில் வைத்துப் பயிற்றுவித்தார். அவர்களில் பலர் பின்னாளில் பல நகரங்களின் மேலாளர்களானார்கள். இன்றைக்கும் நகர நிர்வாகப் பயிற்சிக்கு அதுவே முன்மாதிரி.

மூன்றாவது, வேலை. அனுப்புவதற்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: மாணவர் கையளிக்கும் ஒரு பொருள் (கட்டண ஒப்பீடு, வாகனப் பயன்பாட்டுக் கணக்கு, சொத்துப் பதிவேட்டின் ஒரு பகுதி இப்படி, அலுவலகம் உண்மையிலேயே பயன்படுத்தக்கூடியது); பார்க்க அனுமதிக்கப்படும் தரவும் வெளியே சொல்லக்கூடாத தரவும்; குறைந்தது மூன்று துறைகளில் சில வாரம்; நான்கு மன்றக் கூட்டத்தில் பார்வையாளராக அமர்வது; வாரம் ஒருமுறை அரைமணி நேரம் மேற்பார்வையாளருடன் பேசுவது. அந்த அரைமணி நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், முதலில் ரத்தாவதும் அதுதான். கல்லூரி தரப்பில் ஒருவர் ஆறாவது வாரம் நேரில் போய்ப் பார்த்தால் ரத்தாவது குறையும்.

எந்த வேலையைக் கொடுக்கக்கூடாது என்றும் எழுதுங்கள். ஊழியர் குறைப்பு, ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் செயல்பாடு, தேர்தல் நேர வாக்குறுதிகளின் மதிப்பீடு ஆகியவற்றை மாணவர் கையில் கொடுத்தால், அறிக்கை வெளியாகும் நாளில் அவரைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

கேள்வி: இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மன்ற உறுப்பினர் ஒருவர் என்னை நேரடியாக அழைத்து, தம் தெருச் சாலையைப் பட்டியலில் மேலே போடச் சொல்கிறார். மறுத்தால் பகை. செய்தால் தவறு.

பதில்: அவர் கேட்பதை இரண்டாகப் பிரியுங்கள். தகவல் கேட்பது அவர் உரிமை. ‘பட்டியலில் என் தெரு எத்தனையாவது, எந்த அளவுகோலில் வரிசை போட்டீர்கள்?’ என்றால் அன்றே சொல்லுங்கள், அதே தகவலை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்ற இந்தப் பழக்கம் உங்களைப் பல சிக்கலிலிருந்து காக்கும். வரிசையை மாற்றச் சொல்வது உத்தரவு. தனி உறுப்பினருக்கு அந்த அதிகாரம் இல்லை, மன்றத்துக்கு உண்டு. ‘அளவுகோலை மாற்ற மன்றத்தில் பொருள் வைக்கலாம், வேண்டிய விவரத்தை நான் தயாரித்துத் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். கதவைச் சாத்தாமல் சரியான கதவைக் காட்டுகிறீர்கள். அன்று மாலையே உங்கள் மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்: யார், எப்போது, என்ன கேட்டார், என்ன சொன்னேன். குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம்.

அளவுகோல் எழுத்தில் இல்லாத ஊரில் இந்தப் பதிலே சொல்ல முடியாது. சாலையின் நிலைமதிப்பெண், போக்குவரத்து, கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, பள்ளி மருத்துவமனை அருகாமை, அடியில் குழாய் வேலை பாக்கி உண்டா என்று ஐந்தாறு அம்சத்துக்கு எடை போட்டு மன்றத்திலேயே நிறைவேற்றி வாங்கிவையுங்கள். குழாய் வேலை பாக்கியுள்ள சாலையில் தார் போட்டு மூன்றாம் மாதம் தோண்டுவது எல்லா நாட்டிலும் நடக்கும் அவலம்.

முதலில் சொன்ன அமெரிக்க நகர மேலாளர்கள் சங்கம் 1924-லேயே நன்னெறிக் கோவை ஒன்றை வகுத்துக்கொண்டது. அப்படியும் தவறு நடக்காமல் இல்லை. கலிபோர்னியாவில் பெல் என்ற, அப்போது சுமார் 35,000 பேர் வாழ்ந்த ஏழ்மையான ஊரில், தலைமை நிர்வாகி ஆண்டுக்கு 8 லட்சம் டாலரை நெருங்கும் சம்பளம் வாங்கியது 2010-ல் பத்திரிகையில் வெளிவந்தது. பகுதிநேர மன்ற உறுப்பினர்களும் 1 லட்சம் டாலர் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மன்றமும் நிர்வாகமும் ஒன்றை ஒன்று கண்காணிப்பதை விட்டுவிட்டு ஒருவர் சம்பளத்தை மற்றவர் கண்டுகொள்ளாமல் இருந்ததுதான் அங்கே நடந்தது. உறுப்பினரோடு பகை வேண்டாம் என்பது சரி. அளவுக்கு மிஞ்சிய நெருக்கமும் அதே அளவு ஆபத்து.

கேள்வி: என்ன மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: விரிதாள். அதை நன்றாகக் கற்றபின் நிலவரைபட மென்பொருள். மற்றவற்றை வேலையில் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்குப் புகார்ப் பதிவேட்டைவிட நல்ல தரவு இல்லை. ஒரே தெரு நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கும், தேதிகள் தலைகீழாக இருக்கும். சுத்தம் செய்வதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். பிறகு பத்துப் புகார் தீர்ந்த நாள்களைப் பாருங்கள்: 1, 1, 2, 2, 2, 3, 3, 4, 5, 67. சராசரி 9 நாள், நடுமதிப்பு (வரிசையில் நட்டநடுவில் நிற்கும் மதிப்பு) இரண்டரை நாள். சராசரியைச் சொன்னால் ஊழியர்கள் மந்தம் என்று தோன்றும். நடுமதிப்பை மட்டும் சொன்னால் அந்த 67 நாள் காத்திருந்த வீடு மறைந்துபோகும். இரண்டையும் சொல்லி, அந்த 67-ஐத் தனியாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு துறைகளுக்கு நடுவில் யார் வேலை என்று தெரியாமல் நின்ற புகாராக இருக்கும். ‘முடிக்கப்பட்டது’ என்று குறித்தவற்றில் மாதம் இருபதை எடுத்துப் புகார் கொடுத்தவரையே கேளுங்கள். கோப்பு முடிந்திருக்கும், சாக்கடை அடைத்தபடியே இருக்கும்.

கேள்வி: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? நாங்கள் நடத்தியது கூச்சலில் முடிந்தது.

பதில்: பெரும்பாலும் கூட்டம் தொடங்கும் முன்பே கூச்சலுக்கு விதை போடப்பட்டிருக்கும். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று மக்களுக்குத் தெரிந்தால், கருத்துக் கேட்பதே அவமதிப்பு. ஆகவே முதல் பலகையில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எது முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது, யார் எந்தத் தேதியில் முடிவெடுப்பார்கள்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியபோது, புதிய முதலீட்டுப் பணத்தை எதில் போடுவது என்ற உண்மையான முடிவே மக்கள் கூட்டங்களுக்குப் போனது. அதனால்தான் மக்கள் வந்தார்கள்.

நடைமுறைக்கு வந்தால்: பேச ஆளுக்கு மூன்று நிமிடம், உறுப்பினருக்கும் அதே மூன்று நிமிடம். நூறு பேர் அரங்கை விட எட்டுப் பேர் உட்காரும் பன்னிரண்டு மேஜை நல்லது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மாணவர், பேசுவதற்கில்லை, சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவதற்கு. பகலில் ஒரு கூட்டம், வேலை முடிந்த நேரத்தில் ஒரு கூட்டம். பத்து நாளுக்குள் ‘கேட்டது இது, ஏற்றது இது, ஏற்காதது இது, காரணம் இது’ என்று இரண்டு பக்க அறிக்கை. இந்த அறிக்கை வராவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் கோபக்காரர்கள் மட்டுமே. மாணவருக்கு மதிப்பெண் போடும்போது கூட்டம் நடத்தியதற்குப் பாதி, அந்த அறிக்கைக்குப் பாதி போடுங்கள்.

கேள்வி: படிப்பு முடிகிறது. பெரிய மாநகரத்தில் ஒரு துறையில் ஆய்வாளர் வேலையும், சிறிய ஊரில் நிர்வாகியின் உதவியாளர் வேலையும் கிடைத்திருக்கின்றன. எதில் சேர்வது?

பதில்: நிர்வாகியாக வர விருப்பம் என்றால் சிறிய ஊர். மாநகரத்தில் நீங்கள் ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்வீர்கள். சிறிய ஊரில் திங்கள்கிழமை குப்பை வண்டி, செவ்வாய் காப்பீடு, புதன் மன்றக் கூட்டம் என்று எல்லாமே உங்கள் வழியாகப் போகும். மேலே பேசிய தாள்களை மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு எழுதுவீர்கள். நிதி அல்லது திட்டமிடல் நிபுணராக வர விருப்பம் என்றால் மாநகரமே சரி, அங்கேதான் உங்கள் எண்களைத் திருத்தக்கூடிய மூத்தவர்கள் பக்கத்து மேஜையில் இருப்பார்கள்.

சேரும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் அந்த ஊரில் தலைமை நிர்வாகி எத்தனை முறை மாறினார்? மூன்று முறைக்கு மேல் என்றால் உங்களுக்குக் கற்றுத்தர யாரும் நிலையாக இருக்கப்போவதில்லை. இரண்டாவது, கடைசித் தணிக்கை அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ஒரே தடை மூன்றாண்டாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதற்குப் பதில் எழுதுவதுதான் உங்கள் முதல் வேலையாக இருக்கும்.